ஃபுல் ஃப்ரேமுக்கு மாறலாமா, எந்த லென்ஸ் வாங்கலாம்? கேஎல்ல கல்யாணம், கோயில்னு படம் எடுக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கோலாலம்பூர் சுத்துவட்டாரத்துல கல்யாணம், நிச்சயம், காதுகுத்து, கோயில் திருவிழான்னு ரொம்ப வருஷமா படம் எடுத்துக்கிட்டு இருக்கேன். புதுசா இந்த வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க திரும்பத் திரும்ப கேட்கிறது இந்தக் கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பறதுக்குப் பதிலா ஒரே இடத்துல எழுதி வச்சிடுறேன்.

அண்ணே, என்கிட்ட ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமரா இருக்கு, கூட வந்த 18-55 லென்ஸ். கோயிலுக்குள்ள எடுத்தா படம் புள்ளி புள்ளியா வருது. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) வாங்கினா சரியாயிடுமா?

கொஞ்சம் சரியாகும், ஆனா காசு போடுறதுக்கு முன்னாடி உங்க படம் எங்க அடி வாங்குதுன்னு பாருங்க. போன தடவை எடுத்த தாலி கட்டுற படத்தை லேப்டாப்புல திறந்து செட்டிங்ஸைப் பாருங்க. அனேகமா எஃப்/5.6 (லென்ஸ் திறப்பு, எண் சின்னதானா திறப்பு பெருசு), 1/60 (ஷட்டர் வேகம்), ஐஎஸ்ஓ (சென்சார் உணர்திறன்) 6400னு இருக்கும், மாப்பிள்ளையோட விரல் முடிச்சுப் போடுற இடத்துல இழுத்துக்கிட்டு நிக்கும், பின்னாடி குத்துவிளக்கு மட்டும் ஷார்ப்பா இருக்கும். இதுல பாதிக் குத்தம் லென்ஸோடது. 55 மில்லிமீட்டருக்கு ஜூம் பண்ணினா அந்த லென்ஸ் எஃப்/5.6க்கு மேல திறக்காது.

இப்ப கணக்குப் போடுங்க. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், ஏபிஎஸ்-சி 23.5க்கு 15.6 (கேனன்ல இன்னும் கொஞ்சம் சின்னது, 22.3க்கு 14.9). பரப்பளவுல 2.4, 2.6 மடங்குதான் வித்தியாசம், ஸ்டாப் கணக்குல (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும். ஆனா எஃப்/5.6 லென்ஸைக் கழட்டிட்டு ஒரு 50 எஃப்/1.8 மாட்டினீங்கன்னா உள்ள வர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு. அதே கோயில், அதே விளக்கு, அதே பழைய கேமரா, 1/200ல ஐஎஸ்ஓ 2200 கிட்ட எடுத்துடலாம், விரலும் நிக்கும் புள்ளியும் குறையும். நிறைய பிராண்டுல 50 எஃப்/1.8தான் கடையில விலை குறைஞ்ச லென்ஸுங்கள்ல ஒண்ணு.

அதனால என் பதில் எப்பவும் இதுதான், முதல்ல அந்த லென்ஸை வாங்கி மூணு மாசம் எடுங்க. அதுக்கப்புறமும் பத்தலைன்னா ஃபுல் ஃப்ரேம் பத்திப் பேசுவோம்.

அப்ப ஃபுல் ஃப்ரேம் யாருக்குத்தான் வேணும்?

எஃப்/1.8ம் எஃப்/2.8ம் கையில வச்சுக்கிட்டு, அதுக்கப்புறமும் விடிகாலை முகூர்த்தத்துல ஐஎஸ்ஓ 6400, 12800ன்னு போறவங்களுக்கு வேணும். காசு வாங்கிட்டு வேலை செய்றவங்களுக்கு வேணும், ஏன்னா ரெண்டு கார்டு போடுற வசதி, பெரிய பேட்டரி எல்லாம் பெரும்பாலும் அந்த வரிசைக் கேமராவுலதான் ஒண்ணா சேர்ந்து வருது. அப்புறம் அடுக்குமாடி வீட்டு ஹால்ல நலுங்கு எடுக்கிறவங்களுக்கு. சோஃபாவை எல்லாம் சுவத்தோட தள்ளிட்டு நாப்பது பேர் உக்காந்திருப்பாங்க, உங்களுக்கு நிக்கிறதுக்கே கதவு ஓரம்தான் இடம், அங்க 24 மில்லிமீட்டர் உண்மையிலேயே 24ஆ இருக்கணும். ஏபிஎஸ்-சில 18ஐ மாட்டினாக்கூட 27 மாதிரிதான் தெரியும்.

வார இறுதியில பிள்ளைங்களை எடுக்கிறீங்க, ஃபேஸ்புக்ல போடுறீங்கன்னா தேவையில்ல. மனசுல ஆசை இருக்குன்னா வாங்குங்க, அது தப்பில்ல, ஆனா படம் தானா மாறிடும்னு நினைச்சு வாங்காதீங்க.

நம்ம ஆளுங்க முகம் கருத்துப் போகுது, இல்லன்னா வேட்டி வெளுத்துப் போகுது. இதுக்கு ஃபுல் ஃப்ரேம் உதவுமா?

உதவும், ஆனா கேமராவோட மீட்டர் எப்படி யோசிக்குதுன்னு முதல்ல புரியணும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா நம்ம வேலையில இதைவிட முக்கியமானது எனக்கு வேற எதுவும் தெரியல.

மீட்டர் எதைப் பார்த்தாலும் ஒரு நடுத்தர சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மேடைக்குப் பின்னாடி பெரிய எல்இடி ஸ்கிரீன் எரியுது, மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டை, பொண்ணு கழுத்து நிறைய நகை. கேமரா இதையெல்லாம் பார்த்துட்டு 'அடேங்கப்பா எவ்வளவு வெளிச்சம்'னு குறைச்சிடும், முகம் இருட்டுக்குள்ள போயிடும். மாநிறம், கருப்பு நிறத் தோலா இருந்தா இன்னும் மோசம். அப்புறம் நீங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு ஸ்டாப் தூக்குவீங்க, அங்கதான் புள்ளி கிளம்பும், கன்னத்துல பச்சையும் ஊதாவும் கலந்து திட்டுத் திட்டா வரும். ஐஎஸ்ஓ ஜாஸ்தின்னால வர்ற புள்ளியைவிட வெளிச்சம் குறைச்சு எடுத்துட்டு பின்னாடி தூக்கினதால வர்ற புள்ளிதான் நான் பார்த்த படங்கள்ல அதிகம்.

அதனால மேனுவல்ல போடுங்க, இல்லன்னா எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் 0.7, பிளஸ் 1 வரைக்கும் ஏத்துங்க, ரா ஃபைல்ல (சென்சார் பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கிற ஃபைல்) எடுங்க, பொண்ணு முகத்தைப் பார்த்து முடிவெடுங்க, ஸ்கிரீன் வெளுத்தா வெளுத்துட்டுப் போகட்டும். மிரர்லெஸ்ல (உள்ள கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) வ்யூஃபைண்டருக்குள்ளேயே படம் எப்படி வரும்னு முன்கூட்டியே தெரியுது, பழைய டிஎஸ்எல்ஆர்ல இது இல்ல, மாறுறதுக்கு நான் சொல்ற முதல் காரணமே இதுதான். ஃபுல் ஃப்ரேம் கொடுக்கிறது அந்த இருட்டுப் பக்கத்துல கூடுதலா ஒரு ஸ்டாப் தாங்குற சக்தி. பட்டுச் சேலையோட அரக்குச் சிவப்பும், மஞ்சள் பூசின கன்னமும், மல்லிகைப்பூவோட வெள்ளையும் ஒரே படத்துல நிக்கணும்னா அந்த ஒரு ஸ்டாப் பெரிய விஷயம்.

இன்னொண்ணு. எடிட்டிங்ல முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லி கேட்பாங்க. நான் செய்யறதில்ல. பொண்ணோட அம்மாகிட்ட ஒரு தடவை ரெண்டு பிரிண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டினேன், ஒண்ணு வெளுத்தது, ஒண்ணு அந்தப் பொண்ணோட நிறத்துலேயே சரியா வெளிச்சம் விழுந்தது. அந்தம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு ரெண்டாவதை எடுத்துக்கிட்டாங்க, 'இதுதான் என் மக'ன்னாங்க.

சரி, முடிவு பண்ணிட்டேன். எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா)?

பிராண்டு சண்டைக்கு நான் வரல. 2018ல இருந்து கேனன், நிக்கான், சோனி மூணுலயும் நல்ல ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் இருக்கு, பானாசோனிக்கும் 2023ல வந்த எஸ்5 மார்க் 2ல ஃபேஸ் (phase) டிடெக்ட் ஆட்டோஃபோகஸ் கொடுத்துட்டாங்க, வீடியோவும் சேர்த்து எடுக்கிறவங்க அதையும் பார்க்கலாம்.

நான் பார்க்கச் சொல்றது ரெண்டு விஷயம். ஒண்ணு, கார்டு ஸ்லாட் ரெண்டு இருக்கா. கேனன் ஆர்8 நல்ல சென்சார், லேசான பாடி, ஆனா ஒரே ஸ்லாட், பாடிக்குள்ள ஸ்டெபிலைசரும் (கை நடுக்கத்தைச் சமாளிக்கிறது) கிடையாது. ஆர்6, ஆர்6 மார்க் 2ல ரெண்டு ஸ்லாட், ஸ்டெபிலைசரும் இருக்கு. சோனியில ஏ7சி 2க்கு ஒண்ணு, ஏ7 3க்கும் ஏ7 4க்கும் ரெண்டு. நிக்கான்ல முதல் இசட்6க்கு ஒண்ணு, இசட்6 2ல ரெண்டு ஆனா ஒண்ணு சிஎஃப்எக்ஸ்பிரஸ் இன்னொண்ணு எஸ்டி, இசட்5ல ரெண்டும் எஸ்டி. ஒரு நிச்சயதார்த்தத்துல மோதிரம் மாத்தின படம் இருந்த கார்டு என் கண்ணு முன்னாடியே செத்துப் போச்சு. ரெண்டாவது கார்டுல அப்படியே இருந்துச்சு. அந்தப் பத்து நிமிஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அதனாலதான் காசு வாங்கிட்டு எடுக்கிறவங்ககிட்ட ஒரு ஸ்லாட் கேமராவை நான் சொல்றதே இல்ல.

ரெண்டாவது, அந்த மவுண்ட்டுக்கு (லென்ஸ் மாட்டுற வாய்) லென்ஸ் என்னென்ன இருக்கு, பழசா வாங்க முடியுமா. பாடி மூணு நாலு வருஷத்துல மாறும், லென்ஸு பத்து வருஷம் கூட வரும். சோனி இ மவுண்ட்டுக்கு சிக்மா, டாம்ரான்ல நிறைய இருக்கு, செகண்ட் ஹேண்டும் சுலபமா கிடைக்குது. நிக்கான் இசட்டுக்கு டாம்ரான் கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டு இருக்கு. கேனன் ஆர்எஃப்ல ஃபுல் ஃப்ரேமுக்கு ஆட்டோஃபோகஸோட வெளி கம்பெனி லென்ஸு ரொம்பக் குறைவு, ஆனா பழைய இஎஃப் லென்ஸுங்களை அடாப்டர் போட்டு அருமையா ஓட்டலாம், அது கணக்கை மாத்திடும்.

24 மெகாபிக்சல் போதுமா?

போதும். ஆல்பம், சுவத்துல மாட்டுற பெரிய பிரிண்ட் எல்லாத்துக்கும் போதும். 45 வாங்கினா ஹார்ட் டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து காசு எடுத்து வைக்கணும்.

என்கிட்ட இருக்கிற பழைய லென்ஸ் புது பாடியில வேலை செய்யுமா?

கேனன் இஎஃப் லென்ஸுன்னா, 1987ல இருந்து வந்த வரிசை, ஆர்எஃப் மவுண்ட் அடாப்டர்ல ஆட்டோஃபோகஸோட ஓடும். நிக்கான்ல எஃப்டிஇசட் அடாப்டர் இருக்கு, ஆனா லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கணும். பழைய ஏஎஃப்-டி லென்ஸுங்க பாடியில இருக்கிற மோட்டாரால சுத்துற ஆளுங்க, அதுக்கு ஆட்டோஃபோகஸ் போயிடும், கையாலதான் ஃபோகஸ் பண்ணணும். கேனன் இஎஃப்-எம் லென்ஸு வச்சிருக்கிறவங்க வித்துடுங்க, அது ஆர்எஃப் மவுண்ட்ல ஏறாது.

ஏபிஎஸ்-சிக்குன்னு செஞ்ச லென்ஸை ஃபுல் ஃப்ரேம்ல மாட்டினா கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கும். 24 மெகாபிக்சல் 10 ஆயிடும். அப்படி எடுக்கிறதுக்கு ஃபுல் ஃப்ரேம் வாங்கவே வேணாம். பாடிக்கு மட்டும் காசு சேர்த்து வச்சுட்டு லென்ஸுக்கு ஒண்ணும் இல்லாம வந்து நிக்கிறவங்க நிறைய பேர், அதனாலதான் அழுத்திச் சொல்றேன்.

ஒரே ஒரு லென்ஸ் வாங்கத்தான் காசு இருக்கு. எது?

எஃப்/2.8 ஸ்டாண்டர்டு ஜூம். 24-70 இல்லன்னா 28-75. கல்யாணத்துல லென்ஸ் மாத்திக்கிட்டு நிக்க நேரமே கிடைக்காது, கன்னிகாதானம் முடிஞ்சு கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்குப் போயிடும், அந்த நேரத்துல குடும்பத்தையும் எடுக்கணும் கழுத்தையும் எடுக்கணும்.

சோனிக்கு டாம்ரான் 28-75 ஜி2 540 கிராம்தான், காலையில நாலு மணியில இருந்து சாயங்கால ரிசப்ஷன் வரைக்கும் தூக்குறவங்களுக்கு கிராம் கணக்கும் முக்கியம். வீடு மாதிரி குறுகலான இடம் அடிக்கடி வரும்னா சிக்மா 24-70, அந்த 4 மில்லிமீட்டர் சின்னதாத் தெரியும், ஆனா கதவோரத்துல நிக்கும்போது ஒரு முழு பாட்டியும் தாத்தாவும் அதுக்குள்ள அடங்குவாங்க. கேனன்ல 2024ல வந்த 28-70 எஃப்/2.8 எஸ்டிஎம் 500 கிராம் கூட இல்ல, நல்ல தேர்வு.

அடுத்து காசு சேர்ந்தா 85 எஃப்/1.8. ஏபிஎஸ்-சில 50 போட்டு போர்ட்ரெய்ட் எடுத்துப் பழகினவங்களுக்கு அதே பார்வையைக் கொடுக்கிறது இதுதான். பொண்ணு கண்ணாடி முன்னாடி உக்காந்து நெத்திச்சுட்டி சரி பண்ற நேரத்துக்கு இதைவிட நல்ல லென்ஸ் இல்ல. எஃப்/1.4, எஃப்/1.2ன்னு போகாதீங்க, ஆரம்பத்துல அந்த வித்தியாசக் காசுக்கு ஒரு ஃபிளாஷும் ரெண்டு நல்ல கார்டும் வந்துடும்.

தைப்பூசத்துக்கு பத்துமலை போறேன். 70-200 வாங்கணுமா?

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தைப்பூசத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்க. 272 படி, தோள்ல ரெண்டு பாடி, கூட்டத்துல கையைத் தூக்க முடியாது. சோனியோட முதல் 70-200 எஃப்/2.8 ஜிஎம் 1480 கிராம், ரெண்டாவது 1045க்கு இறங்கிடுச்சு, டாம்ரானோட முதல் 70-180 810தான். அந்த வித்தியாசம் படி ஏறி பாதியில நிக்கும்போது தெரியும்.

உண்மையில எனக்குப் பிடிச்ச தைப்பூசப் படங்க எல்லாம் 35 எஃப்/1.8ல எடுத்தது. காவடி தூக்கறவரு பக்கத்துலேயே நடக்கணும், அவரோட வேர்வை, கூட நடக்கிற அண்ணன் தம்பி வேல் வேல்னு கத்தற வாய், அதெல்லாம் தூரத்துல இருந்து கிடைக்காது. ஆனா ஆத்தங்கரையில அலகு குத்துற நேரம் அவங்களுக்கும் சாமிக்கும் நடுவுல இருக்கிற நேரம், அங்க கேமராவை மூஞ்சிக்கு முன்னாடி கொண்டு போகாதீங்க. தள்ளி நின்னு எடுக்கறதுக்குத்தான் 70-200 அங்க உபயோகம். 42.7 மீட்டர் முருகன் சிலையை முழுசா எடுக்க 24 போதும், கொஞ்சம் பின்னாடி போனா 35லயும் அடங்கும். குகைக்குள்ள மேல திறந்த இடத்துல இருந்து வெளிச்சம் விழுது, மத்ததெல்லாம் இருட்டு, இந்த மாதிரி இடத்துலதான் ஃபுல் ஃப்ரேம் தன்னோட காசுக்கு வேலை செய்யுது.

மண்டபத்துல படத்துல கோடு கோடா விழுது. கேமரா கெட்டுப் போச்சா?

கேமரா நல்லாத்தான் இருக்கு, எல்இடி விளக்குதான் காரணம். நம்ம ஊர்ல கரண்டு 50 ஹெர்ட்ஸ், விளக்கு செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர்ல சத்தம் இல்லாம எடுக்கிறேன்னு எடுத்தீங்கன்னா சென்சார் வரி வரியா படிக்கிற நேரத்துல அந்தத் துடிப்பு கோடா விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்துங்க, 1/100ல எடுங்க, ஆன்ட்டி ஃப்ளிக்கர் இருந்தா போடுங்க. மேடை எல்இடி ஸ்கிரீன் வேற வேகத்துல துடிக்கும், அதுக்கு மண்டபத்துக்கு சீக்கிரமே போய் நாலு படம் எடுத்துப் பாருங்க.

ஏபி செட் வாங்கலாமா, மலேசியா வாரண்டியா? செகண்ட் ஹேண்ட் எப்படிப் பார்க்கிறது?

ஏபி செட்டு வெளியில இருந்து வர்றது, விலை குறையும், வாரண்டி கடைக்காரரோட வார்த்தை. தொழிலுக்கு எடுக்கிற முதல் பாடியை மலேசியா வாரண்டியோட வாங்குங்க, கல்யாண சீசன்ல கேமரா சர்வீஸ்ல கிடந்தா யார்கிட்ட போய்க் கேக்கறதுன்னு தெரிஞ்சிருக்கணும். லென்ஸை செகண்ட் ஹேண்ட்ல தாராளமா வாங்கலாம், ஆனா நேர்ல பார்த்து வாங்குங்க, புடு பிளாசா பக்கம் ஒரு சனிக்கிழமை போனா நிறைய கையில எடுத்துப் பார்க்கலாம்.

பாடின்னா ஷட்டர் கவுண்ட் (இதுவரைக்கும் எத்தனை படம் எடுத்திருக்குன்னு) கேளுங்க, உங்க கார்டைப் போட்டு ரெண்டு ஸ்லாட்லயும் எடுத்துப் பாருங்க, வெள்ளைச் சுவத்தை எஃப்/16ல எடுத்தா சென்சார் அழுக்கு தெரியும். லென்ஸுன்னா போன் டார்ச்சை ஒரு பக்கம் சாய்ச்சு அடிச்சு இன்னொரு பக்கத்துல இருந்து பாருங்க. கண்ணாடி ஓரத்துல வெள்ளையா சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டு ஓடினா அது ஃபங்கஸ், எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வெச்சுட்டு வந்துடுங்க.

ஃபங்கஸ் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

நம்ம ஊர்ல இதுதான் முதல் எதிரி. 2020 மார்ச்ல எம்சிஓ (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு) போட்டப்ப வேலை எல்லாம் நின்னு போச்சு, நான் ஒரு 85ஐ பையோட அலமாரியில வச்சுட்டு அப்படியே விட்டுட்டேன். சில மாசம் கழிச்சு எடுத்து விளக்குக்கு நேரா பிடிச்சா முன் கண்ணாடிக்குப் பின்னாடி தலைமுடி மாதிரி நாலஞ்சு இழை, நடுவுல இருந்து ஓரத்துக்கு ஓடுது. சுத்தம் பண்ணக் கொடுத்தேன், இழை போச்சு, ஆனா அது கோட்டிங்கைத் தின்ன தடம் அப்படியே இருக்கு. விளக்கைப் பார்த்து எடுத்தா இன்னைக்கும் படத்துல ஒரு மங்கல் விழும். என் தங்கச்சி கல்யாணத்தை எடுத்த லென்ஸ் அது, இன்னும் விக்க மனசு வரல.

டிரை கேபினட் வாங்குங்க, 40ல இருந்து 50 சதவீதம் ஈரப்பதத்துல வையுங்க. அதுக்கு காசு இல்லன்னா காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, இது போதும். பையில, அலமாரியில, காடி பூட்டுல (கார் டிக்கியில) வைக்காதீங்க. ஏர்கான் மண்டபத்துல இருந்து வெளிய வந்த உடனே பையைத் திறக்காதீங்க, கண்ணாடி முழுக்க வேர்த்துடும், அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

மொத்தமா இவ்வளவு வெள்ளிதான் (ரிங்கிட்) இருக்குன்னு வச்சுக்குங்க. எப்படிப் பிரிக்கிறது?

பாதிக்கு மேல லென்ஸுக்கு. மீதியில பழைய மாடல் பாடி, ஆர்6, ஏ7 3, இசட்6 2, இசட்5 மாதிரி. முன்னாடியே கார்டு ரெண்டு, கூடுதல் பேட்டரி, டிரை பாக்ஸ் இதுக்கு ஒதுக்கிடுங்க, மறந்துட்டு கடைசியில கடன் வாங்காதீங்க.

பழைய ஏபிஎஸ்-சி கேமராவை வித்துடலாமா?

வேணாம். கையில கிடைக்கிற காசு கொஞ்சம்தான், ஆனா முகூர்த்த நேரத்துல புது பாடி உறைஞ்சு போனா அந்தப் பழைய கேமராவும் 50 எஃப்/1.8ம்தான் உங்களைக் காப்பாத்தும். பேட்டரியை சார்ஜ் பண்ணி, தேதி நேரத்தை ரெண்டு கேமராவுலயும் ஒரே மாதிரி வச்சு, பையில போட்டுக்கிட்டுப் போங்க.